ஆவுடைநாயகம் முன்னிலையில்

செப்டம்பர் 26, வெள்ளி
ஏவுதள விடுதி

மனநல மருத்துவர் தினமும் எழுதச் சொல்லி இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார். மனப்பாரம் குறையுமாம். அதிகாரிகள் யாரும் படிக்க மாட்டார்களாம். முப்பத்தாறு வருடம் அரசாங்க வேலை பார்த்தவனிடம் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று அர்த்தம்.

என் பெயர் ஆவுடைநாயகம். வயது ஐம்பத்தொன்பது. மூச்சுப்பெட்டிப் பிரிவில் ஃபோர்மேன். ஜனவரியில் ஓய்வு. திங்கட்கிழமை விண்வெளிக்குப் போகிறேன்.

மூச்சுப்பெட்டி என்பது நாங்கள் வைத்த பெயர். ஆவணத்தில் பதினொரு எழுத்தில் வேறு பெயர் உண்டு. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் விடும் கெட்ட மூச்சை இழுத்துச் சுத்தம் பண்ணும் இயந்திரம், ஒரு பீரோ உயரம். ஒன்பது வருடம் முன்பு ஒரே சமயத்தில் இரண்டு செய்தோம். மூத்தது நிலையத்தோடு மேலே போனது. இப்போது அது சாகக் கிடக்கிறது. இளையதைக் கொண்டுபோய் அந்த இடத்தில் பொருத்த வேண்டும். அது ஓடவில்லை என்றால் மேலே இருக்கும் இரண்டு பேரையும் இறக்கிவிட்டு, நிலையத்தைக் கடலில் தள்ளிவிடுவார்கள். விஷயம் அவ்வளவுதான்.

இதற்கு ஃபோர்மேன் எதற்கு? அதற்குத்தான் மூன்று கமிட்டி உட்கார்ந்து நூற்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறது. இளைய பெட்டியை ஆவுடைநாயகம் முன்னிலையில் முப்பத்தொரு முறை ஓட்டியதில் முப்பத்தொரு முறையும் ஓடியது. நான் லீவில் இருந்த ஆறு நாளில் ஆறு முறை ஓட்டியதில் ஒருமுறைகூட ஓடவில்லை. பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்தாகிவிட்டது. உடைக்க மூன்று அதிகாரிகள் கையெழுத்து வேண்டும். அதைவிட ஆளை அனுப்புவது சுலபம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று மூன்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எல்லோரும் செய்வதுதான். ஓட்டுவதற்கு முன் எல்லோரையும் கண்ணை மூடிக் கும்பிடச் சொல்வேன். நானும் கும்பிடுவேன். பிறகு சுவிட்சைப் போடுவேன். வேறொன்றும் இல்லை.

இன்று சொந்தச் சாமான்களை எடை போட்டார்கள். ஒன்றரைக் கிலோ அனுமதி. மூக்குக் கண்ணாடி, பனியன் நான்கு, திருநீறு, மனைவி பிரமுவின் போட்டோ. அல்வாவைத் திருப்பிவிட்டார்கள், எண்ணெய் கசியுமாம். கடைசியில் மஞ்சள் துணி முடிச்சு.

“இது என்ன சார்?”

“சாமி விஷயம்.”

அந்த அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கித் தராசில் வைத்தார். பதினான்கு கிராம். கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். பிரித்துப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

பிரமுவிடம் பேசினேன். இட்லிக்குப் பொடி தொட்டுக்கொள்கிறாளாம். சட்னி ஏன் அரைக்கவில்லை என்று கேட்டேன்.

“ஜார் ஒழுகுதுல்லா. மூடியப் பிடிக்க ஆளு வேணும்லா. நீங்கதான் வானத்துக்குப் போறியளே.”

எங்கள் மிக்ஸியில் சின்ன ஜாரின் மூடிக்குள் ரப்பர் வளையம் கிடையாது. தொலைந்து ஒன்பது வருடமாகிறது. அந்த மாடலுக்கு ரப்பர் இப்போது கடையில் வருவதில்லை என்று சொல்வாள். தினமும் காலையில் நான் போய் மூடியை அழுத்திப் பிடித்தால்தான் சட்னி. இல்லாவிட்டால் சுவரெல்லாம் தேங்காய்.

“முடிச்ச பத்திரமா வச்சிருக்கீயளா?” என்று கேட்டாள்.

வைத்திருக்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 29, திங்கள்

கிளம்பிவிட்டோம். இப்போது நோட்டு என் மூக்குக்கு முன்னால் மிதக்கிறது. பேனாவைக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.

ஏறும்போது நெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்தது போல இருந்தது. ஒன்பது நிமிடம் கழித்து எழுந்து போய்விட்டான். பயந்தேன். பயந்தேன் என்று எழுதுவதில் வெட்கமில்லை.

விண்கலத்தில் நானும் கேப்டன் லியோன் மச்சாதுவும் மட்டும். தூத்துக்குடிக்காரர், கடற்படையிலிருந்து வந்தவர். எடை போய்விட்டதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள இருக்கைக்கு முன்னால் எதையாவது நூலில் தொங்கவிடுவது வழக்கமாம். பொம்மை கட்டுவார்களாம். பொம்மையை மறந்துவிட்டார்.

“அண்ணாச்சி, அந்தச் சாமி முடிச்சக் குடுங்க. அதவிட நல்லதா ஒண்ணு கிடைக்குமா?”

என்ன சொல்லி மறுப்பது? கட்டினார். கட்டிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். “எதுக்கும் இருக்கட்டும்” என்றார்.

என்ஜின் நின்றதும் மஞ்சள் முடிச்சு தானாக மேலே எழும்பி எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றது. கேமரா அதன்மேல்தான் இருந்திருக்கிறது. நாடு முழுக்க நேரலை. கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியது காதில் கேட்டது.

செப்டம்பர் 30, செவ்வாய்

பிரமுவுக்கு இரண்டு நிமிடம் இணைப்பு கொடுத்தார்கள்.

“நம்ம சாமி டிவில வந்துட்டு. தெருவே நம்ம வீட்ல இருக்கு. அலமாரில அது இருந்த இடத்துல வெளக்கு வச்சிருக்கேன். எந்தக் கோயில்ல வாங்கினதுன்னு கேக்காவ. என்ன சொல்லட்டும்?”

கோயில் பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. சிக்னல் சரியில்லை என்றேன்.

அந்த முடிச்சைப் பற்றி ஒன்று எழுதிவைக்கலாம். ஒன்பது வருடம் முன்பு ஒருநாள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். யார் கண்ணிலும் படாத இடம் என்று சாமி அலமாரியில் படங்களுக்குப் பின்னால் வைத்தேன். வெள்ளிக்கிழமை துடைக்கும்போது பிரமு பார்த்துவிட்டாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. அன்றைக்கே பொட்டு வைத்துவிட்டாள். அந்த மாதம் எனக்கு ஃபோர்மேன் பதவி வந்தது. அதற்குப் பிறகு நான் எதைச் சொல்வது?

சாப்பாடு எலுமிச்சைச் சாதம். குழாயிலிருந்து பிதுக்கித் தின்ன வேண்டும். உப்பில்லை.

அக்டோபர் 1, புதன்

நிலையம் வந்து சேர்ந்தோம். மூன்று பேருந்துகளை மூக்கோடு மூக்கு ஒட்டியது போல ஒரு குழாய். உள்ளே இரண்டு பேர்.

நிலையத் தலைவர் கனல்மொழி. மன்னார்குடிப் பக்கம். பதினான்கு மாதமாக இங்கே இருக்கிறார், அதற்கு முன் ஏழு வருடம் இதைக் கட்டும் வேலையில் இருந்தவர். இன்னொருவர் டாக்டர் சங்கரநயினார். ஊசி போடுவதும் அவர்தான், தட்டுகளில் அரைக்கீரை வளர்த்து ஆராய்ச்சி பண்ணுவதும் அவர்தான். இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது. தலைவலி. பழைய பெட்டி இருமிக்கொண்டே ஓடுகிறது.

டாக்டர் முடிச்சை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கனல்மொழி தள்ளி நின்று பார்த்தார்.

“என்னண்ணே அது?”

“சாமி விஷயம் மேடம்.”

“எங்க வீட்ல தாத்தா காலத்துலேர்ந்து சாமி கெடயாதுண்ணே. ஓரமா கட்டுங்க, ஃபேன்ல மாட்டிக்கப் போவுது.”

இன்றைக்கே பெட்டியை மாற்றிவிடலாம் என்று அவர் திருப்புளியை எடுத்தார். அப்போது கீழேயிருந்து இயக்குநர் வைத்தமாநிதி பேசினார். இன்று ஆயுத பூஜையாம். கருவிகளைத் தொடக்கூடாதாம். டாக்டர் திருப்புளிகளை வரிசையாக ஒட்டி, பூவுக்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கீரை இலை வைத்தார். கனல்மொழி தலையைப் பிடித்துக்கொண்டு, அது ஆராய்ச்சிக் கீரை, எண்ணி வைத்திருக்கிறேன் என்று சத்தம் போட்டார்.

எனக்கு ஒருநாள் கிடைத்தது. நிம்மதியாக இருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

காலை பதினொரு மணிக்குப் பழைய பெட்டியை நிறுத்திக் கழற்றினோம். இரண்டுக்கும் ஒரே இடம்தான், அதனால் இதை எடுத்துவிட்டுத்தான் அதை வைக்க முடியும். இடைப்பட்ட நேரத்துக்கு அவசரக் குப்பிகளைத் திறந்துவைத்தார்கள். நாற்பது மணி நேரம் காற்றைச் சுத்தமாக வைக்கும். அதற்குள் புதுப் பெட்டி ஓடாவிட்டால் நான்கு பேரும் கலத்தில் ஏறி இறங்கிவிட வேண்டும். அப்புறம் நிலையம் கடலுக்கு.

பொருத்தினோம். நான் வழக்கம்போல எல்லோரையும் கண்ணை மூடிக் கும்பிடச் சொன்னேன். மச்சாது மூடினார். டாக்டர் மூடினார். கீழே கட்டுப்பாட்டு அறையில் நாற்பது பேர் கைகூப்பிக் கண்ணை மூடியது திரையில் தெரிந்தது. கனல்மொழி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

கும்பிட்டேன். நகரும்போது கால் வழுக்கிவிட்டது. கை பெட்டியின் இடது பக்கத்தில் பட்டது. நான் பின்னால் பறந்து மச்சாதுவின் வயிற்றில் மோதினேன். இரண்டு பேரும் போய்க் கீரைத் தட்டில் விழுந்தோம், விழுந்தோம் என்று சொல்ல முடியாது, சேர்ந்தோம்.

சுவிட்சைப் போட்டார்கள். பெட்டி ஓடவில்லை.

“என்னாச்சு அண்ணாச்சி?” என்றார் மச்சாது வயிற்றைத் தடவிக்கொண்டே.

“கால் வழுக்கிட்டு.”

“காலு எப்புடிண்ணே வழுக்கும் இங்க?” என்றார் கனல்மொழி. வேறு எதுவும் கேட்கவில்லை.

மாலை

கட்டுப்பாட்டு அறையில் அவசரக் கூட்டம் போட்டு யோசனை அனுப்பினார்கள். ஆவுடைநாயகம் முன்னிலையில் இருக்கிறார், ஆனாலும் ஓடவில்லை. என்ன குறை? முடிச்சு பெட்டியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது, அதுதான் குறை. பெட்டியின் தலையில் கட்டச் சொன்னார்கள். கட்டினோம். ஓடவில்லை.

முடிச்சு கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்றார் இயக்குநர். எது கிழக்கு? நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. சாமி கும்பிடாத கனல்மொழிதான் கணக்குப் போட்டு, நிலையம் ஓடுகிற திசைதான் பெரும்பாலும் கிழக்கு, நடுவில் தென்கிழக்கும் வடகிழக்கும் வரும் என்று சொன்னார். டாக்டர் ஒரு மணி நேரம் முடிச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். ஓடவில்லை.

நடுவில் நான் இரண்டு தடவை தனியாகக் கும்பிட்டுப் பார்த்தேன். எனக்குக் கிறுகிறுப்பு, காலைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மச்சாதுவிடம் சொன்னேன். பிடித்தார். இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து பறந்தோம்.

கீழே என்றால் காலை ஊன்றி ஒன்று போடலாம். இங்கே தரையே கிடையாது.

மேலே இருக்கும் வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 3, வெள்ளி, காலை

கனல்மொழி என்னைக் கலத்துக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

“அண்ணே, நேத்து எல்லாரும் கண்ண மூடுனாங்க. நான் மூடல. எத்தன வருஷமா தட்டுறீங்க?”

“ஒம்பது வருசம்.”

“எதுக்குத் தட்டணும்?”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன்.

“தலவலியில கண்ணு ரெண்டாத் தெரியுதுண்ணே. இத வுட்டுட்டுப் போனா கடல்ல தள்ளிடுவாங்க. எட்டு வருஷம் குடுத்திருக்கேன் இதுக்கு. எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் கத்த மாட்டேன்.”

சொன்னேன். முதலில் அவரிடம் சொன்னேன், இப்போது இங்கே எழுதுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும்.

பெட்டிக்குள் ஒரு வால்வு. வால்வுத் தட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு வளையம். தனியாகச் செய்து வர வேண்டிய வளையம், இரண்டு பெட்டிக்கு இரண்டு. ஒன்றுதான் வந்தது. அதை மூத்த பெட்டியில் போட்டேன். மறுநாள் காலை முத்திரைக் கமிட்டி வருகிறது, இளையதில் வளையம் இல்லை. கமிட்டியைத் திருப்பி அனுப்பினால் திரும்பி வர ஒரு வருடம். அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். எதிரே மிக்ஸி ஜார் மூடி. அளவு கண்ணிலேயே தெரிந்தது. கழற்றிக்கொண்டு போய் மாட்டிவிட்டேன். கன கச்சிதம். சரியானது வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

சரியானது இரண்டு நாள் கழித்து வந்தது. அதற்குள் முத்திரை விழுந்துவிட்டது. திறக்க வேண்டும் என்றால் ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதவில்லை. வந்த வளையத்தை மஞ்சள் துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மிக்ஸி ரப்பர் சும்மா இருந்தால் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இடது பக்கம் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று போட்டால் விட்டுவிடும். எல்லோர் முன்னாலும் தட்ட முடியாது. அதனால்தான் கண்ணை மூடச் சொன்னேன்.

இன்னொன்றும் உண்டு, அதைக் கனல்மொழியிடம் சொல்லவில்லை. லீவில் இருக்கும்போது பெட்டி ஓடவில்லை என்று ஃபோன் வரும். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள், அண்ணாச்சி சீக்கிரம் வாங்க என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

“அந்தச் சரியான வளையம் இப்ப எங்கண்ணே இருக்கு?”

பெட்டியின் தலையில் கிழக்குப் பார்த்துக் கட்டியிருக்கிறது என்றேன்.

அக்டோபர் 3, மாலை

முத்திரையை உடைக்க அனுமதி கேட்டோம். காரணம் கேட்டார்கள். உள்ளே வளையம் தப்பு என்று நானே என் வாயால் சொன்னேன். பிறகு இயக்குநர் வந்தார்.

“ஆவுடைநாயகம், மூன்று அதிகாரிகள் கையெழுத்து வேண்டும். இரண்டு பேர் பூஜை லீவில் இருக்கிறார்கள். திங்கட்கிழமை கமிட்டி கூடும். அதுவரை பொறுங்கள்.”

“பத்து மணி நேரக் காத்துதான் சார் இருக்கு” என்றார் கனல்மொழி.

“குறித்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை முதல் விஷயமாக அதை எடுத்துக்கொள்வோம்.”

கனல்மொழி மைக்கைப் பார்த்தார். “சார், சிக்னல் சரியில்ல” என்றார். சிக்னல் கண்ணாடி போல இருந்தது. ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

மச்சாதுவையும் டாக்டரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இங்கே உட்கார முடியாது, பிடித்துக்கொள்ள வைத்து, சொன்னேன். பாதியிலேயே அழுதுவிட்டேன். கண்ணீர் வழியவில்லை, கண்ணிலேயே உருண்டையாக நின்றது. டாக்டர் துணியால் ஒற்றி எடுத்தார். முடிச்சை அவர்கள் முன்னாலேயே பிரித்தேன். கறுப்பு வளையம், ஒரு கண்ணாடி வளையல் அளவு. ஒன்பது வருடக் குங்குமமும் சந்தனமும் துணியைத் தாண்டி அதன்மேல் ஏறியிருந்தது.

டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஒரு மணி நேரம் திருப்பிப் பிடித்தவர்.

“மன்னிச்சிருங்க” என்றேன்.

“கும்பிட்டது கும்பிட்டதுதான் அண்ணாச்சி, அது எங்கயும் போயிராது” என்றார் மச்சாது. “நீங்க மொதல்ல அத மாட்டுங்க.”

முத்திரையை நான்தான் உடைத்தேன். மூடியைத் திறந்து, வால்வைக் கழற்றி, பழைய ரப்பரை நகத்தால் நெம்பி எடுத்தேன். டாக்டர் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இது எங்க வீட்ல இருக்கே அண்ணாச்சி. சின்ன ஜாரு.”

“ஆமா. சின்ன ஜாருதான்.”

கனல்மொழி அப்போதுதான் சிரித்தார். தலைவலியோடு, நெற்றியை அழுத்திக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தார். பிறகு நாங்களும் சிரித்தோம். காற்று வீணாகிறது என்று டாக்டர் கண்டித்த பிறகுதான் நிறுத்தினோம்.

புது வளையத்தைத் துடைத்தேன். குங்குமம் முழுக்கப் போகவில்லை. மாட்டினேன். மூடினேன்.

“கண்ண மூடணுமாண்ணே?” என்று கேட்டார் கனல்மொழி.

வேண்டாம் என்றேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவரே சுவிட்சைப் போட்டார். பெட்டி ஒரு சின்னச் செருமலோடு ஓட ஆரம்பித்தது. தட்டாமல் அது ஓடி நான் பார்த்ததே இல்லை.

அக்டோபர் 4, சனி

ஓடுகிறது. தலைவலி போய்விட்டது. டாக்டர் கீரை கடைந்தார். உருண்டை உருண்டையாக மிதந்ததை வாயால் பிடித்துத் தின்றோம்.

என் வாக்குமூலத்தைக் கீழே அனுப்பினேன். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன் என்று எழுதியிருந்தேன். இயக்குநர் பதில் அனுப்பினார். அதை அப்படியே எழுதுகிறேன்.

‘ஒன்பது வருடம் முன்பு முத்திரைக் கமிட்டி அந்தப் பெட்டியில் எல்லாப் பாகங்களும் சரியாக இருந்ததாகச் சான்று அளித்துள்ளது. எனவே தாங்கள் கூறும் பொருள் அதில் இருந்திருக்க முடியாது. இல்லாத பொருளைத் தாங்கள் எடுத்திருக்கவும் முடியாது. தங்கள் வாக்குமூலம் ஏற்கப்படவில்லை. ஆவுடைநாயகம் முன்னிலையில் பெட்டி முப்பத்திரண்டாவது முறையாக ஓடியுள்ளது.’

அதற்குக் கீழே இன்னொரு பத்தி. பெட்டி என் முன்னிலையில் மட்டுமே ஓடுவதால், அதன் ஆயுட்காலம் முடியும் வரை நான் நிலையத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் ஆயுள் ஏழு வருடம். ஜனவரியில் வரும் ஓய்வு அதற்கேற்பத் தள்ளிவைக்கப்படுகிறது.

மூன்று தடவை படித்தேன். பிரமுவின் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். ஏழு வருடம் அவள் பொடி தொட்டுத் தின்னப் போகிறாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

கனல்மொழி காலையிலிருந்து கீழே உள்ளவர்களோடு சண்டை போடுகிறார்.

“அவர கலத்துக்குள்ள வச்சுக் கதவச் சாத்திட்டு ஓட்டிக் காட்டுறேன் சார். ஓடுனா வுட்டுடுவீங்களா?”

அதற்கும் பதில் வந்தது. முன்னிலை என்றால் என்ன என்று அறிக்கையின் எண்பத்தாறாம் பக்கத்தில் சொல்லியிருக்கிறதாம். ஐம்பது மீட்டருக்குள் இருந்தால் முன்னிலை. நிலையத்தின் நீளமே முப்பத்தைந்துதான். கலம் அதோடு ஒட்டியிருக்கிறது. எங்கே போய் ஒளிந்தாலும் நான் முன்னிலையில்தான் இருக்கிறேன்.

“அப்ப அறுபது மீட்டர் போறோம்” என்றார் மச்சாது. “நாளைக்கு எப்படியும் நான் கெளம்பணும். அண்ணாச்சியும் ஏறட்டும். அறுபது மீட்டர்ல நிக்கேன். பெட்டிய நிப்பாட்டிட்டுப் போடுங்க. ஓடலன்னா திருப்பிக் கொண்டாந்து விட்டுருதேன்.”

இதில் எந்த விதியும் மீறப்படவில்லை என்று தேடிப் பார்த்துவிட்டு இயக்குநர் ஒப்புக்கொண்டார்.

அக்டோபர் 6, திங்கள்

கிளம்பும்போது கனல்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் துணியை என்ன செய்வது என்று கேட்டேன். அவரே மிக்ஸி ரப்பரை அதில் வைத்து முடிந்து கொடுத்தார்.

“அக்காகிட்ட குடுத்துடுங்க. அவங்க சாமானுண்ணே அது.”

கலம் கழன்றது. மச்சாது மீட்டர் சொல்லிக்கொண்டே வந்தார். முப்பது. நாற்பது. ஐம்பத்திரண்டு. அறுபதில் நிறுத்தினார். ஜன்னலில் நிலையம் முழுதாகத் தெரிந்தது. மூன்று பேருந்து.

ரேடியோவில் கனல்மொழி, “நிறுத்திட்டேன்” என்றார்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். ஓட வேண்டும் என்று நினைத்தேன். அந்த இரண்டு பேருக்காகவும் பிரமுவுக்காகவும் ஓட வேண்டும். ஆனால் மனதில் ஒரு மூலை, ஓடாமல் போனால் என்ன என்றது. அண்ணாச்சி சீக்கிரம் வாங்க என்று ஒருதடவை கேட்டுவிட்டால் போதும் என்றது. அந்த மூலையை எனக்கு ஒன்பது வருடமாகத் தெரியும்.

கண்ணை மூடிக் கும்பிட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே கும்பிட்டேன்.

“ஓடுதுண்ணே” என்றார் கனல்மொழி. “நீங்க போலாம்.”

அக்டோபர் 11, சனி
வீடு

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு நேற்று மாலை விட்டார்கள். கால் இன்னும் தரையை நம்பவில்லை. தெருவில் மேளம் வைத்திருந்தார்கள். முடிச்சைப் பார்க்க வரிசை நின்றது. பிரமு ஒருவரையும் உள்ளே விடவில்லை, அவருக்கு உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினாள்.

இன்று காலை அடுக்களையில் அவள் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது முடிச்சை அவள் முன்னால் பிரித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது வருடம் அவள் வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்தது எதற்கு என்பதையும் சொன்னேன். ரப்பரை அவள் கையில் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அல்லது கரண்டியை எறிவாள் என்று நினைத்தேன். இட்லிச் சட்டியை மூடிவிட்டு டிராயரைத் திறந்தாள். தீப்பெட்டி, நூல்கண்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள். பிளாஸ்டிக் உறை மங்கிப் பழுத்திருந்தது. உள்ளே புது ரப்பர் வளையம். சின்ன ஜாருக்கானது.

“இது எப்ப வாங்கினே?”

“தொலஞ்ச மறுவாரமே வாங்கிட்டேன்.”

“கடைல வாரதில்லன்னு சொன்னியே.”

“சொன்னேன்.” அடுப்பைத் தணித்தாள். “ரப்பரக் காணோம்னு நான் தேடுத அன்னைக்கு நீங்களா வந்து மூடியப் பிடிச்சீய. கல்யாணமாகி அதுவரைக்கும் நீங்க அடுக்களைக்குள்ள வந்ததே இல்ல. மறுநாளும் வந்தீய. இத மாட்டிருந்தா வந்திருப்பீயளாக்கும்?”

குற்ற உணர்ச்சியில்தான் வந்தேன் என்று சொல்லலாம். முதல் வாரம் அது உண்மை. அதற்குப் பிறகு உண்மை இல்லை.

தேங்காயையும் பொட்டுக்கடலையையும் ஜாரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பாக்கெட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு நின்றாள்.

நான் அதைப் பிரிக்கவில்லை. டிராயரில் தீப்பெட்டிக்கு அடியில் வைத்து மூடினேன். ஜாரின் மூடியை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். பிரமு சுவிட்சைப் போட்டாள்.